மீட்டர் கத்தாத புடவை

முள்ளிப்பட்டில் இன்னாசிமுத்துவை எல்லாருக்கும் இரண்டு விஷயத்தால் தெரியும். இருபத்து மூன்று வயதில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஒரு லாரி கிளீனரின் தாடையைப் பெயர்த்து, வேலூர் ஜெயிலில் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தான். நாற்பது வயதில் மஞ்சள் நிற மீட்டர் ஒன்றைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் வோல்ட் அளந்துகொண்டு திரிந்தான். முதலாமவன் செத்துவிட்டான், இனிமேல் இரண்டாமவன்தான் என்று ஊர் நம்பியது. ஊரைச் சொல்வானேன், நானே நம்பினேன். அந்த மீட்டரை அவனுக்கு விற்றவனே நான்தான்.

என் பெயர் குமரேசன். ஆரணியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வீடு முள்ளிப்பட்டில், இன்னாசி வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் பாத்திரம் உடைந்தால் எது உடைந்தது, தட்டா குண்டானா என்று இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லிவிடலாம். சின்ன வயதில் அந்தச் சுவர் வழியாகக் கேட்டதெல்லாம் அடிச் சத்தம்தான். அவனுடைய அப்பா ஜான் நல்ல நெசவாளி. மாதா கோயிலில் அவர் பாடினால் வெளியே செருப்புக்குக் காவல் நிற்பவன்கூட உள்ளே வந்துவிடுவான். அதே மனுஷன் வீட்டுக்கு வந்து தறிக் கயிற்றை இரட்டையாக மடித்து மகனை வெளு வெளு என்று வெளுப்பார். நூல் அறுந்தால் அடி, நூலைத் தொட்டால் அடி, தொடாமல் நின்றால் அதற்கும் அடி. பதினான்கு வயதில் இன்னாசி அந்தக் கயிற்றைப் பிடுங்கி அப்பாவின் கழுத்தில் போட்டு இறுக்கினான். என் அப்பாவும் சித்தப்பாவும் சுவர் ஏறிக் குதித்துப் பிரித்துவிட்டார்கள். அன்றோடு அவன் தறிக்குழியில் கால் வைக்கவில்லை. நெசவு பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் எழுந்து போய்விடுவான்.

ரைஸ் மில்லில் வேலைக்குப் போனான். அரிசியில் கறுப்பு அரிசி இருந்தால் கண்டுபிடித்து ஊதித் தள்ளும் எந்திரம் ஒன்று இருக்கிறதே, அதற்கு அவன் காவல். எந்திரம் அதன் வேலையைச் செய்யும். இவன் மற்றவர்களோடு சண்டை போடுவான். பாக்கியமேரியைக் கட்டிக்கொண்ட பிறகும் கை அடங்கவில்லை. அவளை அடித்தானா என்றால், அடித்தான், இரண்டு முறை. இரண்டாவது முறை அவள் அரிவாள்மனையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்னொரு முறை கை ஓங்கினால் அந்தக் கை திரும்பிப் போகாது என்று சத்தம் போடாமல் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் பொருள்களைத்தான் உடைத்தான். பாக்கியமேரி தறியில் உட்கார்ந்தாள், அவன் எதிர் மூலையில் உட்கார்ந்தான். பத்தடி தூரத்தில் பன்னிரண்டு வருஷம் அவள் நெய்ததை அவன் நிமிர்ந்து பார்த்ததில்லை.

மீட்டர் வந்தது ஒரு டிவி ரிமோட்டால். வேலை செய்யவில்லை என்று அதைச் சுவரில் அடித்து, உடைந்த துண்டுகளைப் பையில் போட்டு என் கடைக்குக் கொண்டுவந்தான். நான் அதிலிருந்த இரண்டு பேட்டரியை எடுத்து, மீட்டர் ஒயரின் நுனியிலிருக்கும் முள்ளை வைத்தேன். ஒன்றரை வோல்ட் இருக்க வேண்டியது, முக்கால்தான் காட்டியது. ரிமோட் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, பேட்டரிதான் காலி என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, ‘அப்போ நான் அடிச்சது தப்பு’ என்றான். இவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போகும்போது மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு போனான்.

அப்புறம் பிடித்தது பைத்தியம். டம்ளரில் புளித்தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கம் துத்தநாகப் பூச்சு ஆணி, ஒரு பக்கம் செம்புக் கம்பி வைத்தால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வரும். அப்படி நாலு டம்ளரை வரிசையாக இணைத்தான். மூன்றரைக்கு மேல் காட்டியது. சின்னச் சிவப்பு எல்இடி பல்பை மாட்டினான். பல்பு எரிந்தும் எரியாமலும் இருந்தது, மீட்டரைப் பார்த்தால் இரண்டுக்கும் கீழே விழுந்திருந்தது. ஆத்திரத்தில் நாலு டம்ளரையும் தெருவில் வீசினான். மறுநாள் காலையில் என் கடை ஷட்டரைத் திறப்பதற்கு முன்பே நின்றுகொண்டிருந்தான். எங்கே போச்சு என் ஒன்றரை வோல்ட் என்று, நான் திருடிக்கொண்டது போல் கேட்டான். சும்மா இருக்கும்போது காட்டுவது வேறு, வேலை வாங்கும்போது காட்டுவது வேறு என்று விளக்கினேன். உட்கார்ந்து கேட்டான். ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தான்.

எலுமிச்சை, கஞ்சித் தண்ணீர், கமண்டல நாகநதியின் ஈர மணல், ஆடுகின்ற பொம்மைக்குள் இருக்கும் மோட்டார், கால்குலேட்டரின் மேலிருக்கும் சூரியத் தகடு, எதையும் விடவில்லை. மில்லில் யாராவது வம்புக்கு இழுத்தால் முன்பு மூக்கு உடையும். இப்போது வீட்டுக்கு வந்து எதையாவது அளப்பான். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உடைவது நின்றது. பாக்கியமேரி என் மனைவியிடம், அந்த மஞ்சள் பெட்டிக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம் போலிருக்கிறது என்றாளாம்.

இந்த விளையாட்டு ஜரிகைக்கு வந்ததுதான் வினை. பாக்கியமேரிக்கு நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைப்பவர் தணிகாசலம் முதலாளி. எங்கள் ஊரில் முக்கால்வாசித் தறிக்கு, நீளவாக்கில் ஏற்றும் பட்டு நூலான பாவை அவர்தான் கொடுக்கிறார். ஒருநாள் அவள் வாங்கிவந்த ஜரிகைக் கண்டின் இரண்டு முனையிலும் இன்னாசி சும்மா மீட்டரை வைத்துப் பார்த்தான். ‘பீப்’ என்று கத்தியது. வெள்ளி சுற்றிய ஜரிகை கரண்டைக் கடத்தும், கத்தத்தானே செய்யும். அடுத்த கண்டில் வைத்தான். கத்தவில்லை. மறுபடியும் வைத்தான், கத்தவில்லை. அது பளபளப்பாக இருந்ததே தவிர, உள்ளே பிளாஸ்டிக்.

பாக்கியமேரி அதை முதலாளியிடம் கொண்டுபோனாள். முதலாளி ஜரிகை கொண்டுவரும் வியாபாரியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் மாதாவின் மேலும் மாரியாத்தாவின் மேலும் சத்தியம் செய்தான். இன்னாசி அவன் மூட்டையிலிருந்த கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மீட்டரை வைத்தான். ஏழு கண்டு கத்தியது, நாலு கத்தவில்லை. முதலாளியின் அக்கா மகன் பார்த்திபன் அந்த வியாபாரியைக் காதிலிருந்து ரத்தம் வரும் வரைக்கும் அறைந்தான். வியாபாரி கீழே கிடக்கும்போது இன்னாசி நிதானமாக மீட்டர் ஒயரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான். அவன் கை வைக்கவில்லை என்று நாங்கள் எல்லாரும் மெச்சினோம். என்ன புத்தி பாருங்கள் எங்களுக்கு.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவன்தான் நீதிபதி. செம்புக்கும் அது கத்தும், வெள்ளி என்று சொல்லிவிடாதே என்று எச்சரித்தேன். பிளாஸ்டிக்கா இல்லையா என்பதை மட்டும்தான் சொல்கிறேன் என்றான். ஊர் அந்த வித்தியாசத்தை எல்லாம் காதில் வாங்குமா? மீட்டர் கத்தினால் நல்லவன், கத்தாவிட்டால் திருடன், அவ்வளவுதான். அந்த மூன்று வருஷத்தில் நாலு பேர் உதை வாங்கினார்கள். ஒருவனுக்கு விலா எலும்பு போனது. நாலு பேரும் உண்மையிலேயே தப்பு செய்தவர்கள், அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. அடிப்பதற்கு ஒரு சத்தம் கிடைத்துவிட்டது, கையில் தினவெடுத்தவர்களுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்.

சடையப்பன் ஐந்தாவது ஆள். எங்கள் தெருக்கோடியில் வீடு. முப்பத்தாறு வயது, அதிர்ந்து பேசாதவன், மனைவி பெயர் சங்கீதா. இரண்டு பேரும் ஒரே தறியில் மாறி மாறி உட்கார்வார்கள். போன மழைக்காலத்தில் அவன் நெய்து கொடுத்த புடவையைப் பார்த்து, கரை துவண்டு கிடக்கிறது, விறைப்பே இல்லை என்று முதலாளி எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார். அடுத்த புடவைக்குச் சடையப்பன் ஜவ்வரிசிப் பசையைக் கெட்டியாகக் காய்ச்சி, நெய்த பக்கமெல்லாம் இரண்டு பூச்சு பூசினான். மழை ஈரத்தில் பட்டு தளர்ந்துபோகும், அதற்காக நெசவாளிகள் எல்லாரும் செய்வதுதான். இவன் பயத்தில் கொஞ்சம் அதிகமாகப் பூசினான். கரை அட்டை மாதிரி நின்றது. பசை ஏறியதால் ஜரிகையின் மினுக்கு மட்டும் கொஞ்சம் மங்கியது.

அந்த மங்கலைத்தான் முதலாளி பார்த்தார். கொடுத்த ஜரிகையை விற்றுத் தின்றுவிட்டு மட்ட ஜரிகையைப் போட்டு நெய்திருக்கிறான் என்று சந்தேகப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்துகொண்டிருந்த இன்னாசியைப் பார்த்திபன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். நானும் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறு எதற்கு.

முதலாளி வீட்டு வாசலில் பட்டு நிறுக்கும் மேஜை போட்டிருந்தது. இருபது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். சடையப்பன் புடவையை விரித்துப் பிடித்தான். அதுவரைக்கும் கண்டுகளை மட்டும் அளந்த இன்னாசிக்கு நெய்த புடவை அதுதான் முதல் தடவை. இன்னாசி மீட்டரின் இரண்டு முள்ளையும் கரையின் மேல் வைத்தான். சத்தம் இல்லை. தள்ளி வைத்தான், இல்லை. முந்தியில் வைத்தான், அங்கேயும் இல்லை. முதலாளி பெட்டியிலிருந்து, சடையப்பனுக்குக் கொடுத்த அதே ஜரிகையில் ஒரு கண்டை எடுத்து நீட்டினார். அதில் வைத்ததும் கத்தியது.

‘இது வேற சரக்குங்க மொதலாளி’ என்றான் இன்னாசி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

சடையப்பன் பிடித்த புடவையை விடவில்லை. நீங்கள் கொடுத்ததைத்தான் நெய்தேன் என்று முதலாளியிடம் சொன்னான், பார்த்திபனிடம் சொன்னான், கடைசியில் என்னிடம்கூடச் சொன்னான். பிறகு இன்னாசியைப் பார்த்து, ‘அண்ணா, உம் பொட்டி பொய் சொல்லுது’ என்று இடது கையால் மீட்டரைத் தட்டிவிட்டான். அது சிமெண்டுத் தரையில் விழுந்து கண்ணாடி தெறித்தது.

மூன்று வருஷத்துக்கு மேல் எங்கேயோ கிடந்த பழைய இன்னாசி ஒரே நொடியில் எழுந்து வந்தான். அவன் கண்ணை நான் பார்த்தேன். சின்ன வயதில் அப்பா கழுத்தில் கயிறு போட்டபோது இருந்த அதே கண். சடையப்பனின் வலது கை மேஜை மேல் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தராசுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கிலோ இரும்பு எடைக்கல்லை எடுத்து இன்னாசி அந்தக் கையின் மேல் அடித்தான். ஒரு அடியில்லை, மூன்று அடி. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. சடையப்பன் கத்தக்கூட இல்லை. மூச்சை உள்ளே இழுத்தவன் அப்படியே மேஜைக்கடியில் சரிந்தான்.

அப்புறம் யார் யார் மிதித்தார்கள் என்று சொல்ல முடியாது. பார்த்திபன் மிதித்தான். அவனோடு வந்தவர்கள் மிதித்தார்கள். போன மாதம் சடையப்பன் வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டுப் போனவர்களும் மிதித்தார்கள். நான் கையில் டீ கிளாஸோடு நின்றேன். அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை எனக்கு. சங்கீதா ஓடிவந்து அவன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்ட பிறகுதான் விலகினார்கள். அவள் முதுகிலும் இரண்டு மிதி விழுந்திருந்தது.

அதோடு விட்டார்களா, இல்லை. பார்த்திபன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சடையப்பன் வீட்டுக்குப் போய்த் தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவைக் கத்தியால் அறுத்துப் போட்டான். பட்டுப் பாவை அறுப்பது என்றால் எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதற்குச் சமம். ஆயிரக்கணக்கான இழையும் ஒரே நேரத்தில் தளர்ந்து குழிக்குள் சரிந்து விழுந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது சடையப்பன் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தான். உண்மையைச் சொன்னால் இந்தப் பக்கத்தில் ஒரு முதலாளியும் அவனுக்கு இனிமேல் நூல் கொடுக்க மாட்டார்கள். உள்ளங்கையில் இரண்டு எலும்பும் மூன்று விரலும் உடைந்திருந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள்.

பத்து நாள் கழித்து இன்னாசி என் கடைக்கு வந்து புது மீட்டர் வாங்கினான். நடந்ததைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்று சாயங்காலம் நான் வீட்டில் இருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கியமேரி அழுகிற சத்தம் கேட்டது. பழைய பழக்கத்தில் ஓடினேன். அவன் அவளை அடிக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தறிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான்.

புது மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, கைக்கு எட்டிய ஜரிகையில் வைத்திருக்கிறான். அது பாக்கியமேரி அன்று காலையில் நெய்து பசை பூசிக் காயவிட்ட பக்கம். கத்தவில்லை. இவளுமா திருடி என்று எழுந்திருக்கிறான். அவள் அவன் கையைப் பிடித்து, சற்று முன்பு நெய்த, இன்னும் பசை படாத விரற்கடை அகலத்துக்கு மீட்டரை நகர்த்தி வைத்திருக்கிறாள். கத்தியது. ஒரே ஜரிகை, ஒரே கரை. ஒரு பக்கம் கத்தியது, ஒரு பக்கம் கத்தவில்லை.

நான் போனபோது அவன் தையல் ஊசியால் பசைமேல் லேசாகக் கீறி, கீறிய இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டிருந்தான். வைத்த இடமெல்லாம் ‘பீப்’. நிறுத்தாமல் வைத்துக்கொண்டே இருந்தான்.

‘பச காஞ்சி கீதே, அது எப்பிடிங்க கத்தும்?’ என்றாள் பாக்கியமேரி. ‘அன்னிக்கிப் போறதுக்கு மின்ன என்னாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?’

அவள் அவனைத்தான் கேட்டாள். ஆனால் எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மோட்டார் கம்பியின் மேல் பூச்சு இருக்கும். அதைப் பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் மீட்டர் வைக்க வேண்டும். அதைத் தினமும் செய்கிறவன் நான். அன்றைக்கு அந்த அட்டை போன்ற கரையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை என்று சொன்னால் பொய். லேசாகத் தோன்றியது. இருபது பேருக்கு நடுவில் வாயைத் திறந்து ஏன் பேஜார் என்று விட்டுவிட்டேன்.

இன்னாசி அப்படியே எழுந்து முதலாளி வீட்டுக்கு நடந்தான். நானும் போனேன், இந்தத் தடவை வேடிக்கை பார்க்க இல்லை. சடையப்பன் புடவையைக் கொடுங்கள் என்று கேட்டான். முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடிந்தது முடிந்துபோச்சு, அதைக் கிளறாதே என்றார். பார்த்திபன் கதவை மறித்து நின்றான். இன்னாசி அவனைத் தோளால் முட்டித் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து புடவையை எடுத்துவந்து அதே மேஜையில் விரித்தான். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஆட்கள் கூடினார்கள். எல்லாரும் அன்றைக்கு நின்ற அதே ஆட்கள்தான். ஊசியால் கீறினான், முள்ளை வைத்தான். கத்தியது. கரையில் இரண்டு இடம், முந்தியில் ஒன்று, மூன்றிலும் கத்தியது.

‘அவன் திருடல. நான்தான் தப்பா பாத்தேன்’ என்றான்.

அப்புறம் நடந்ததுதான் அநியாயம். உன் பேச்சைக் கேட்டுத்தானே ஒரு அப்பாவியை அடித்தோம் என்று பார்த்திபன் முதல் அடியைப் போட்டான். அன்று சடையப்பனை மிதித்த அதே கால்கள் இன்று நியாயம் பேசிக்கொண்டு இன்னாசியை மிதித்தன. அவன் நினைத்திருந்தால் நாலு பேரையாவது சாய்த்திருப்பான். இரண்டு கையையும் தன் அக்குளுக்குள் செருகிக்கொண்டு தரையில் கிடந்தான். நான் உள்ளே புகுந்து இழுத்தேன். என் கீழுதடு கிழிந்தது, அவனுக்கு முன்பல் மூன்று போனது. முதலாளி கடைசி வரைக்கும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

வாயில் ரத்தத்தோடு நேராகச் சடையப்பன் வீட்டுக்குத்தான் போனான். வாசலில் நின்று, நீ திருடவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்றான். சடையப்பன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. சங்கீதாதான் வெளியே வந்தாள். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி இன்னாசியின் முகத்தில் அடித்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கை சலிக்கும் வரைக்கும் அடித்தாள். அவன் நகரவே இல்லை. ஒரு ஆணைப் பொம்பளை செருப்பால் அடித்தால் எங்கள் ஊரில் அது தலைமுறைக்கும் பேச்சு. ஆனால் அன்றைக்கு ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை, அதற்குப் பிறகு யாரும் அதைப் பேசவும் இல்லை.

முதலாளி சடையப்பனுக்குப் புதுப் பாவு கொடுத்தனுப்பினார். மன்னிப்பு கேட்கவில்லை, பாவுதான் வந்தது. ஆனால் யார் நெய்வது? சங்கீதா ஒருத்தியால் பாதிதான் முடியும். வலது கையால் நாள் முழுக்கக் கயிற்றை இழுத்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்ட வேண்டும். கட்டுப் பிரித்த பிறகு சடையப்பனால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தினமும் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார் டாக்டர், போகப் போகப் பலம் ஏறும் என்றார். அமுக்கினான். ஏறுகிறதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. சங்கீதா ஏறுகிறது என்பாள். அவன் நம்ப மாட்டான். அவளைப் பார்த்து அடிக்கக் கை ஓங்கினான் என்றும், ஓங்கிய கையில் விரல் மூடவில்லை என்றும் அவளே என் மனைவியிடம் சொல்லி அழுதாள்.

அதைக் கேட்ட இன்னாசி ஒரு வேலை செய்தான். எடைபோடும் மெஷினுக்குள் ஒரு அலுமினியக் கட்டை இருக்கும். அதை அமுக்கினால் வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று ரொம்பச் சின்னதாக மாறும். என் கடையில் கிடந்த பழைய மெஷினைப் பிரித்து, அந்தக் கட்டையை இரண்டு மரச் சட்டத்துக்கு நடுவில் பொருத்தினான். ஐந்து வோல்ட் செல்போன் சார்ஜரில் இணைத்தான். கைக்குள் வைத்து இறுக்கினால் எவ்வளவு பலம் என்று மீட்டர் எண்ணாகக் காட்டும். அதைக் கொடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை. நான்தான் கொண்டுபோனேன். சடையப்பன் அதைத் தூக்கித் தெருவில் எறிந்தான். இரண்டாவது வாரமும் எறிந்தான். மூன்றாவது வாரம் என்ன நினைத்தானோ, அவனையே கொண்டுவரச் சொல் என்றான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இன்னாசி அங்கே போவான். வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள். வாசலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் மீட்டரை வைப்பான். முதலில் இடது கையை அளந்தார்கள், நாலரை காட்டியது. வலது கை காட்டியது புள்ளி நாலு. அடுத்த வாரம் புள்ளி ஒன்பது. அப்புறம் ஒன்று புள்ளி நாலு. சடையப்பன் அந்த எண்களைக் கரிக்கட்டையால் சுவரில் எழுதிவைத்தான். ஒன்று புள்ளி ஒன்பது வந்த அன்று சங்கீதா உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து இன்னாசியின் பக்கத்தில் வைத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

மூன்று வந்தால் தறியில் உட்காரலாம் என்று சடையப்பனாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டான். அடுத்த வாரமும் ஒன்று புள்ளி ஒன்பது. அதற்கடுத்த வாரமும் அதேதான். நரம்பு போயிருந்தால் ஒரு அளவோடு நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னது எனக்கும் இன்னாசிக்கும் தெரியும். சடையப்பனிடம் யாரும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். சடையப்பன் அந்தச் சட்டத்தைப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். மீட்டர் இன்னாசியின் பக்கம் திரும்பியிருந்தது. எண் எனக்கும் தெரிந்தது. ஏறிவிட்டது, இரண்டரை என்று ஒரு பொய்யைச் சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் அவனைத் திட்டினேன்.

‘ஏறிச்சா?’ என்றான் சடையப்பன்.

இன்னாசி எண்ணைப் பார்த்தான், சடையப்பனின் கையைப் பார்த்தான். ‘ஏறல’ என்றான். பிறகு ஒயரைச் சரிசெய்துகொண்டே, ‘இரு, எதுக்கும் இன்னொரு தரம் பாத்துட்டு சொல்றேன்’ என்றான்.

சடையப்பன் இடது கையால் அவன் சட்டையைப் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் இழுத்தான். அடிக்கப்போகிறான் என்று நான் எழுந்துவிட்டேன். அவன் அடிக்கவில்லை.

‘இத்த அன்னிக்கி சொல்லியிருக்கலாம் இல்ல?’ என்றான். ‘இந்த ஒரு வார்த்தைய.’

சடையப்பன் சட்டையை விட்டான். வலது கையைத் தூக்கி மறுபடியும் சட்டத்தின் மேல் வைத்து, மூடாத விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, இறுக்கினான். ஒன்று புள்ளி ஒன்பது.